ஆகாயத்திலும் ஏகபோகம்!

ஆகாய விமானத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். இரவு ஷிப்டில் ரிங் பிரேம் முன்னால் கண் செருக நின்றவருக்கு அது உடனே விளங்கும்.

விமானமோட்டியும் உழைப்பை விற்றுப் பிழைப்பவர்தான். சம்பளம் அதிகம், அதற்காகத் தூக்கம் வராதா? 2024 ஜனவரியில் அறிவித்து, முதலாளிகள் கூப்பாடு போட்டதும் கிடப்பில் போட்ட ஓய்வு விதிகளை, விமானமோட்டிகளின் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டில் வழக்காடிய பிறகே சர்க்கார் 2025-ல் அமலாக்கியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. நவம்பர் 1 முதல், இரவுத் தரையிறக்கங்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது.

தயாராவதற்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. ஆனால், உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனி வேண்டிய ஆட்களை வைத்துக்கொள்ளவில்லை. குறைந்த ஆளை வைத்து நிறைய வேலை வாங்குவது நம் மில் முதலாளிகளுக்கு மட்டும் தெரிந்த வித்தையா என்ன! டிசம்பர் 5-ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. ஜனங்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள்.

சர்க்கார் என்ன செய்தது? கம்பெனியை வளைக்கவில்லை, விதியை வளைத்தது! வார ஓய்வுக்குப் பதில் லீவைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதி அன்றே வாபஸ். இரவு விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. சின்னக் கம்பெனி ஒன்று இப்படிச் செய்திருந்தால் லைசென்ஸ் தப்பியிருக்குமா?

போட்டி இருந்தால் விலை இறங்கும் என்பார்கள். அந்த வாரம் மற்றக் கம்பெனிகள் டிக்கெட் விலையைத் தாறுமாறாக ஏற்றின. பிறகுதான் 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று சர்க்கார் உச்சவரம்பு விதித்தது. வரம்பு கட்ட முடியாது என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்யென்று ஒரே நாளில் வெட்டவெளிச்சமாயிற்று.

பழைய கதையும் உண்டு. யுத்தத்துக்குப் பின் மலிவாகக் கிடைத்த டக்கோட்டாக்களை வாங்கிப் பல முதலாளிகள் கம்பெனி தொடங்கி நஷ்டத்தில் தத்தளித்தனர். 1953-ல் சர்க்கார் நஷ்ட ஈடு கொடுத்து எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தது. 1994-ல் அந்தச் சட்டமே ரத்து. "போட்டி" மலர்ந்தது! கிங்பிஷர் 2012-ல் படுத்தது. தொழிலாளர்களின் சம்பளமும் பாங்குகளின் ஆயிரக்கணக்கான கோடிகளும் நின்றன. ஜெட் 2019-ல் படுத்தது. 2022-ல் ஏர் இந்தியா டாட்டாவுக்குப் போயிற்று: டாட்டா ஏற்றது 15,300 கோடிக் கடன், சர்க்கார் தலையில், அதாவது நம் தலையில், நின்றது 46,000 கோடிக்கு மேல்.

ஓய்வு விதி எந்தக் கம்பெனிக்கும் விலக்கின்றி அமலாக வேண்டும். கட்டண வரம்பு நெருக்கடி நாளில் மட்டுமல்ல, எந்நாளும் வேண்டும். வளைகுடாவில் கூலி வேலை பார்க்கும் நம் கிராமத்துப் பிள்ளைகள் லீவில் வரும் சமயம் பார்த்து விலையேற்றுகிறார்களே, அந்தத் தடங்களுக்கும் வேண்டும்.