யோசியாது எழுதிய கட்டளை

யுத்த காலத்துக் கட்டளையை எழுதச் சில நிமிடங்கள் போதும். அதற்கு ஆளாகிறவர்க்கோ வீடு வாசலே போய்விடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிச் சேனாதிபதி கிராண்ட் 1862 டிசம்பர் 17ஆந் திகதி பிறப்பித்த 11ஆம் இலக்கக் கட்டளை அத்தகையது.

பருத்திக் கள்ள வியாபாரத்தை ஒழிப்பது அவர் எண்ணம். அதில் எல்லா இனத்தவரும் கைநனைத்தனர். படை அதிகாரிகளும் விலக்கல்லர். ஆயினும் குற்றவாளியைத் தேடிப் பிடியாது, யூத வகுப்பார் அனைவரும் 24 மணி நேரத்துள் தம் அதிகாரப் பிரதேசத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்றார் சேனாதிபதி.

கெந்தக்கி மாநிலத்துப் பதூக்கா நகரில் சுமார் முப்பது குடும்பங்கள் மூட்டை கட்டின. வடபகுதிப் படையில் சேவைசெய்த இருவரும் அவருள் அடங்குவர்! வேறு பல ஊர்களுக்குக் கட்டளை தாமதித்தே எட்டியது. எதிரிப்படை தந்திக் கம்பிகளை அறுத்திருந்ததே காரணம்; எதிரி செய்த உபகாரம் என்றே சொல்லலாம்.

பதூக்கா வணிகர் சீசர் காஸ்கல் வாஷிங்டனுக்கு விரைந்து, 1863 ஜனவரி 3ஆந் திகதி ஜனாதிபதி லிங்கனைக் கண்டு முறையிட்டார். மறுநாளே இரத்துத் தந்தி பறந்தது. பின்னர் தலைமைச் சேனாதிபதி ஹலக் எழுதிய விளக்கம் படிக்கத் தக்கது: துரோகிகளையும் யூதச் சில்லறை வியாபாரிகளையும் துரத்துவதில் ஜனாதிபதிக்கு ஆட்சேபமில்லையாம், நம் படையிலும் போரிடும் ஒரு மதத்தார் முழுவதையும் தண்டித்ததே பிழையாம். இரத்துச் செய்த பின்னரும் ‘யூத’ என்ற அடைமொழி அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதை வாசகர் கவனித்திருப்பர்.

1868இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது கிராண்டே ஒரு கடிதத்தில் சமாதானம் கூறினார்: எழுதிய கணமே, யோசியாது, தந்தியில் அனுப்பிவிட்டாராம்.