சூரைச்செடியின் கீழே நம் பிள்ளைகள்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1–21



கர்மேல் மலையில் வானத்து அக்கினியைக் கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சாவை வேண்டி ஜெபிக்கிறார். இடையில் நடந்ததைக் கவனியுங்கள். யேசபேலின் மிரட்டல் வந்தது. உயிர் தப்ப ஓடினார். பெயெர்செபாவில் தம் வேலைக்காரனை நிறுத்திவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் முழுவதும் தனியே நடந்தார். பயமும் களைப்பும் தனிமையும் சேர்ந்தபோது, மாபெரும் தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழே சோர்ந்து விழுந்தார்.

கொரோனா நாட்களில் நம் பிள்ளைகள் பலருக்கு நேர்ந்ததும் இதுவே. 2020 மார்ச் 25 அன்று நாடு முடங்கியது. ஆந்திராவில் 9, 10ஆம் வகுப்பு மாணவர்கள் அவ்வாண்டு நவம்பர் 2ஆம் தேதிதான் வகுப்புக்குத் திரும்பினார்கள். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. வாலிபர் கூட்டமும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் நின்றுபோயின. எங்கள் புத்தலப்பட்டுப் பகுதியிலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் பிழைக்கச் சென்ற குடும்பங்கள், கூலியின்றி ஒற்றை அறைக்குள் அடைபட்டன.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, தற்கொலையால் இறந்த மாணவர்கள் 2019இல் 10,335 பேர். 2020இல் 12,526 பேர். 2021இல் 13,089 பேர். அனைத்துக்கும் ஊரடங்கே காரணம் என்று கூற இயலாது. ஆயினும் இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் பிள்ளை. 2021இல் யூனிசெஃப் வெளியிட்ட ஆய்வில், மனப் பாரத்துக்குப் பிறரிடம் உதவி பெறுவது நல்லது என்று சொன்ன இந்திய இளைஞர் 41 விழுக்காட்டினரே. 21 நாடுகளின் சராசரி 83 விழுக்காடு. நம் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை?

திறந்தால் நாம் சொல்லும் பதிலை அவர்கள் அறிவார்கள்! "விசுவாசம் போதாது", "ஜெபம் குறைந்துவிட்டது", "இது பிசாசின் போராட்டம்" என்போம். ஆனால் கர்த்தர் எலியாவை அப்படிக் கடிந்துகொண்டாரா? தூங்கவிட்டார். தூதன் தொட்டு எழுப்பினான். அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் ஆகாரம். அதன் பின்னரே ஓரேபில் கேள்வி கேட்டார். எலியா ஒரே முறையீட்டை இரண்டு முறை சொன்னபோதும் பொறுமையாய்க் கேட்டார். பின்பு, தனியனல்ல என்று காட்ட ஏழாயிரம் பேரை நினைப்பூட்டி, உடன் நடக்க எலிசாவையும் கொடுத்தார்.

தேவனுடைய ஒழுங்கு இதுவானால், நம் ஒழுங்கும் இதுவாகட்டும். தூரத்திலுள்ள பிள்ளையைத் தொலைபேசியில் அழைக்கும்போது மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் பின்னர் கேளுங்கள். "சாப்பிட்டாயா, தூங்கினாயா, உன்னோடு யார் இருக்கிறார்கள்?" என்று முதலில் கேளுங்கள். தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, நண்பரை விட்டு ஒதுங்குதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அலட்சியம் செய்யாதீர்கள். சாவைக் குறித்துப் பேசினால் அன்றே கவனியுங்கள், தனியே விடாதீர்கள். வெளிப்படையாய்க் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. பாரம் இறங்கவே வழி பிறக்கும்.

மருத்துவரிடம் செல்வது அவிசுவாசமல்ல. பவுலுடன் வைத்தியனாகிய லூக்கா இருந்தார் (கொலோசெயர் 4:14). வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெற வழிசெய்தது. 2022 அக்டோபர் 10 முதல் அரசின் டெலி மானஸ் சேவை நடைபெறுகிறது. 14416 என்ற எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் இரவு பகலாக, இலவசமாகப் பேசலாம். ஜெபியுங்கள், அழைத்தும் செல்லுங்கள்.

அன்று பத்தாம் வகுப்பிலிருந்தவர்கள் இன்று நகரத்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். ஊரடங்கு முடிந்தது; சிலருக்கு உள்ளத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. சபையாரே, இந்த ஞாயிறு ஆராதனைக்கு வராத வாலிபனின் அறைக்கு ஒரு பொட்டலம் உணவோடு செல்லுங்கள். பிரசங்கம் பிறகு ஆகட்டும்.

சோர்ந்தவரைத் தட்டியெழுப்பிய கர்த்தர் நம் பிள்ளைகளையும் எழுப்புவாராக! ஆமென்.