கொலைகாரனுக்கு எதற்கு முன்கதை?

'கேம் ஓவர்' படத்தை நெஞ்சில் ஈரமில்லாத படம் என்று சென்ற இதழில் கட்டுரையாளர் தீர்ப்பெழுதியிருந்தார். அவர் காட்டும் முதல் சான்று, அதில் வரும் கொலைகாரர்கள் யார், ஏன் கொல்கிறார்கள் என்று படம் சொல்லவே இல்லை என்பது. 'சிகப்பு ரோஜாக்க'ளில் பாரதிராஜா கொலைகாரனையும் மனிதனாகப் பார்த்தாராம். இன்றைய இயக்குநருக்கு அந்தக் கருணை இல்லையாம். கூடவே இன்னும் மூன்று குற்றச்சாட்டுகள்: அது வெளிநாட்டுச் சரக்கு, அந்தப் பெண் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்பதற்குப் பதில் இல்லை, குருகிராமில் தனி வீட்டில் வாழும் பணக்காரப் பெண்ணின் பயத்துக்கும் புதுச்சேரியின் விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையத்தில் குடியிருக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. நானும் அதே ரெட்டியார்பாளையத்துக்காரன். இதில் ஒன்றைக்கூட ஏற்க முடியாது. கருணை பற்றிய வாதம் தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். அஸ்வின் சரவணன் இயக்கம். காவ்யா ராம்குமாருடன் சேர்ந்து எழுதியது. 2019 ஜூன் 14 அன்று வெளியானது. ஸ்வப்னா (டாப்ஸி) வீடியோ கேம் வடிவமைப்பவள். ஒரு புத்தாண்டு இரவில் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். வருடம் திரும்பி அந்த நாள் நெருங்க நெருங்க அவளுக்கு மூச்சு முட்டுகிறது. இருட்டில் அரை நிமிடம் இருக்க முடியவில்லை. உயிரை விட முயன்று, இரண்டு காலும் முறிந்து, சக்கர நாற்காலிக்கு வருகிறாள். உடன் இருப்பவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கலாம்மா (வினோதினி) மட்டும்தான். மணிக்கட்டில் குத்திக்கொண்ட பச்சை திடீரென்று எரியத் தொடங்குகிறது. கொல்லப்பட்ட அமுதா என்ற பெண்ணின் அஸ்தி அந்த மையில் தவறுதலாகக் கலந்துவிட்டதென்று தெரியவருகிறது. அதன் பிறகு ஒரு இரவில் முகமூடி அணிந்தவர்கள் வீட்டைச் சூழ்கிறார்கள்.

இனி 'சிகப்பு ரோஜாக்க'ளுக்கு வருவோம். 1978இல் வந்த அந்தப் படத்தின் தொழில்நுட்பத்தில் எனக்கு மரியாதை உண்டு. நிவாஸின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் பின்னணி இசையும் இன்றைக்கும் பழசாகவில்லை. ஆனால் கட்டுரையாளர் கருணை என்று கொண்டாடும் முன்கதையைப் பிரித்துப் பார்க்கட்டும். திலீப் (கமல்ஹாசன்) சிறுவனாக இருந்தபோது ஒரு பெண் அவன்மேல் வீண்பழி போடுகிறாள். அடைக்கலம் தந்தவரின் மனைவி கணவனுக்குத் துரோகம் செய்கிறாள்; அவர் அவளைக் கொன்றுவிட்டு, பெண்களை வெறுக்கப் பையனுக்குக் கற்றுத் தருகிறார். வளர்ந்த பிறகு அவன் பெண்களை வீட்டுக்கு அழைத்து வந்து கொல்கிறான், தோட்டத்தில் புதைக்கிறான், மேலே ரோஜாச் செடி வைக்கிறான். கொலைகளைப் படம் பிடித்து வளர்ப்புத் தந்தைக்குக் காட்டுகிறான். இத்தனைக்கும் படம் சொல்லும் காரணம் என்ன? இரண்டு பெண்கள். அவர்கள் கெட்டவர்கள், அதனால் இவன் இப்படி ஆனான். செத்துப் புதைந்த பெண்களில் எவளுக்காவது முன்கதை உண்டா? வீட்டில் தம்பி இருந்தானா, எவளாவது திரும்பி வருவாளென்று யாராவது காத்திருந்தார்களா? ஒரு வரி கிடையாது. சாரதா (ஸ்ரீதேவி) தாலி கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் வருகிறாள், பூட்டிய அறையைத் திறந்து உண்மையைத் தெரிந்துகொள்கிறாள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். கடைசியில்? புத்தி பேதலித்துச் சிறையில் கிடக்கும் அவனுக்கு சாரதா என்ற பெயர் மட்டும்தான் நினைவிருக்கிறது. அவள் அவனைப் பார்க்கப் போகிறாள். தன்னைக் கொல்லத் துரத்தியவனுக்குக் கடைசிவரை மனைவியாக இருக்கும் பொறுப்பும் அவள் தலையில்தான்.

கட்டுரையாளர் குறிப்பிடாத இன்னொரு படமும் உண்டு: பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980). அதில் ஒரு பெண்ணைக் (ஷோபா) கடத்திப்போய் ஊட்டியில் ஒரு வீட்டில் அடைத்து வைக்கிறான் சந்துரு (பிரதாப் போத்தன்). அவனுக்கும் முன்கதை இருக்கிறது. அப்பா விலைமாதர்களிடம் போய்வந்து அம்மாவைக் கொடுமைப்படுத்தியவர். சரி, இதில் தப்புச் செய்தது யார்? அப்பா. மகன் கையில் செத்தது யார்? விலைமாதர்கள். குற்றம் ஆணிடம் தொடங்கினாலும் கணக்குத் தீர்க்கப்படுவது பெண்ணின் உடம்பில்தான். படம் அவனுக்காக வருந்தவும் நம்மை அழைக்கிறது; ஷோபாவின் முகத்தில் தெரியும் பயத்தைவிட அவனுடைய தனிமைதான் நம் மனதில் தங்குகிறது. பாலு மகேந்திராவின் திறமைக்கு இது சான்று, மறுக்கவில்லை. அதை அறமாக நம்மிடம் விற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அஸ்வின் சரவணன் கொலைகாரர்களுக்குப் பெயர் தரவில்லை, அழும் அம்மாவைத் தரவில்லை, சின்ன வயதுக் காயத்தைத் தரவில்லை. இதை மறந்துபோன வேலையென்று நினைப்பது பார்வைக் கோளாறு. முதல் காட்சியைக் கவனியுங்கள். கொலைகாரனின் கேமரா ஒரு பெண்ணை வெளியிலிருந்து நோட்டம் விடுகிறது. நாமும் அவனோடு சேர்ந்து அவளைப் பார்க்கிறோம். தமிழ்ப் படத்தில் நமக்கு நன்றாகப் பழகிய இடம் அது. அவள் கொல்லப்பட்டதும் படம் அந்த இடத்தை விட்டு விலகி ஸ்வப்னாவின் மூச்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முன்கதை முழுவதும் இப்போது பெண்களுக்கு. புற்றுநோயோடு திரும்பத் திரும்பப் போராடிப் பிழைத்தவள் அமுதா என்பதை அவள் அம்மா வந்து சொல்கிறார். திலீப்பின் தோட்டத்தில் புதைந்தவர்களுக்குக் கிடைக்காத அம்மா இவர். கட்டுரையாளர் ஈரமில்லை என்கிறாரே, இந்தக் காட்சி ஓடியபோது எங்கே போயிருந்தார்?

காரணம் தேடுவது சினிமாவோடு நிற்கிற பழக்கம் இல்லை. 2024 மார்ச்சில் நம் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போய், மூன்று நாள் கழித்துக் கால்வாயில் சடலமாகக் கிடைத்தாள். புதுச்சேரியே தெருவுக்கு வந்தது, பந்த் நடந்தது. அந்த நாட்களில் டீக்கடையிலும் பேருந்திலும் அதிகம் பேசப்பட்டது எது? கஞ்சா. கஞ்சா ஒழியத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் போதைதான் காரணம் என்று முடித்துவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. குற்றத்தைப் பொட்டலத்தின்மேல் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடலாம். கொலைகாரனின் முன்கதையும் இதே நிம்மதியைத்தான் தருகிறது. அந்த நிம்மதியை 'கேம் ஓவர்' தர மறுக்கிறது. கட்டுரையாளரை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுச் சரக்கு என்ற வாதத்துக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) இல்லாமல் 'சிகப்பு ரோஜாக்க'ளும் இல்லை, 'மூடுபனி'யும் இல்லை. அவர்களுக்கு அனுமதித்ததை அஸ்வின் சரவணனுக்கும் அனுமதியுங்கள்.

ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை? இந்தக் கேள்வியைக் கட்டுரையாளர் ஸ்வப்னாவிடம் மட்டும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஊர் முழுக்க இதைத்தான் கேட்கிறது. வெளியே போனவளிடம் ஏன் போனாய் என்று கேட்போம், உள்ளே இருந்தவளிடம் ஏன் போகவில்லை என்று கேட்போம். ஸ்வப்னா வெளியே போனவள்தான். புத்தாண்டு இரவில் நடந்தது வெளியே போனதால்தான் நடந்தது என்று அவளையே நம்பவைத்திருக்கிறார்கள். அப்புறம் எந்த வெளிக்குப் போவாள்? வீடுதான் பாதுகாப்பு என்ற நம்பிக்கையையும் கணக்குகள் ஆதரிக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் முதலிடம் கணவனும் அவன் உறவினர்களும் செய்யும் கொடுமைக்குத்தான். பாலியல் வல்லுறவு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றவாளி தெரிந்த ஆள். 2017இல் உலகெங்கும் கொல்லப்பட்ட சுமார் 87,000 பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டவர்கள் என்கிறது ஐ.நா. அறிக்கை. குருகிராமுக்கு மட்டும் உரிய பயமா இது?

ரெட்டியார்பாளையத்துக்குச் சம்பந்தமில்லை என்பதோடு கட்டுரையாளர் நிறுத்தவில்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஒரு பெண் முதலாளியம்மாவை விட்டு ஓடாமல் கூடவே நிற்பாள் என்பதை நம்ப முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 2024 ஜூன் 11ஆம் தேதி காலை, நம் ரெட்டியார்பாளையத்துப் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிப்பறை வழியாக வீடுகளுக்குள் ஏறியது. ஒரு வீட்டில் மூதாட்டி கழிப்பறையில் மயங்கி விழுந்தார். தூக்கப்போன மகளும் அங்கேயே விழுந்தார். இருவரும் பிழைக்கவில்லை. பக்கத்து வீட்டில் 15 வயது மாணவி இறந்தாள். அந்த மகள் வாசல் பக்கம் ஓடியிருக்கலாம். விழுந்தவரை நோக்கித்தான் ஓடினார். பெற்ற தாய் என்பதால் ஓடினார், வேலைக்காரி ஓடமாட்டாள் என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். சொன்னால், கூலி வாங்குகிறவளுக்குப் பாசம் இருக்காது என்ற அவருடைய எண்ணம்தான் வெளியே வரும். கலாம்மாவைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

படமே கலாம்மாவை வைத்துத்தான் திரும்புகிறது. வீடியோ கேமைப் போல ஸ்வப்னாவுக்கு மூன்று உயிர். முதல் இரண்டு முறையும் தோற்கிறாள். மூன்றாவது சுற்றில் கலாம்மாவும் பிழைக்க வேண்டும் என்று அவள் போராடுகிறாள். அந்தச் சுற்றில்தான் கொலைகாரர்கள் வீழ்கிறார்கள். தான் மட்டும் தப்பித்தால் போதும் என்று நினைக்காத பெண்ணின் கதை இது. கட்டுரையாளரின் கட்டுரையில் திலீப்புக்குப் பத்தி பத்தியாக இடம் இருக்கிறது. கலாம்மா என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை; 'வேலைக்காரி' என்று ஒரே ஒரு முறை வருகிறது. கருணையைப் பற்றி மறுபடி எழுத வந்தால் முதலில் அந்தப் பெயரை எழுதட்டும், பிறகு பேசலாம்.