வரலாற்றோடு நகலெடுங்கள்
புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் 1919-இல் தொடங்கி 1966-இல் முடிந்த மகாபாரதச் செம்பதிப்பு, மூலபாடத்தை மட்டும் தரவில்லை. காஷ்மீரச் சுவடியும் மலையாளச் சுவடியும் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் அடிக்குறிப்பில் காட்டுகிறது. அந்த நிறுவனத்தையே 2004 ஜனவரி 5 அன்று ஒரு கும்பல் சூறையாடியது. அதே ஊரின் ஹிஞ்சவடியில் நிரல் எழுதும் இளைஞர்கள் அந்த அடிக்குறிப்புகளையும் இந்தச் சூறையாடலையும் மனத்தில் வைக்க வேண்டும். எங்கோ ஒரு சர்வரில் இருக்கும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தை ஜிப் கோப்பாக இறக்கினால் கடைசி நிலை மட்டுமே கைக்கு வரும். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பது வராது. ‘குளோன்’ செய்தால் வரலாறும் வரும். எல்லாக் கிளைகளும் அப்படியே வேண்டுமென்றால் கட்டளையில் ‘மிரர்’ என்று சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அதே சர்வரிலேயே ‘ஃபோர்க்’ என்ற நகலைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது எனக்கு ஒப்பவே இல்லை. சர்வர் போனால் மூலமும் நகலும் சேர்ந்தே போகும். நகல் வேறு நிறுவனத்தில், வேறு ஊரில் இருக்கட்டும். இரவுதோறும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளட்டும். பிழைப் பதிவுகளும் அவற்றின்மேல் நடந்த விவாதங்களும் பெரும்பாலும் கிட்டுக்குள் இருப்பதில்லை. அவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.