வருடத்தின் சிறந்த இண்டி ஆல்பம்: வியூஸை எண்ணி முடிவு செய்யலாமா?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் காதில் இயர்போன், கையில் போன். டிசம்பர் என்றால் 'இந்த வருட டாப் 10 இண்டி' பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழும். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஆல்பமே இருக்காது, யூடியூபில் ஹிட்டான தனிப்பாடல்கள்தான். வியூஸ் அதிகமா, முதலிடம். அவ்வளவுதான் கணக்கு.

இதில் என்ன தப்பு?

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினாலே அது ஒரு 'ஸ்ட்ரீம்'. முழுசாகக் கேட்டாரா, பாதியில் தாவினாரா என்பது அந்த எண்ணில் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாடலுக்கு அங்கே ராயல்டி கிடையாது. பெரிய சினிமாப் பாட்டுக்கு இது தூசு. சொந்தக் காசில் ஸ்டூடியோ பிடித்து எட்டுப் பாட்டு பதிவு செய்யும் பேண்டுக்கு, ஆறாவது ஏழாவது பாட்டு இந்த வரம்பில்தான் மாட்டும். நாமும் எண்ணிக்கையை வைத்தே வரிசைப்படுத்தினால், 'ஆல்பம் எதுக்கு, ஒரு சிங்கிள் போதும்' என்று அவர்களிடம் சொல்கிறோம்.

2018-ஐப் பாருங்கள். பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', அந்த ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. அதே வருடம் 'மகிழ்ச்சி' ஆல்பம். கானா, ராப், ராக், பறை என எல்லாம் ஒரே பேண்டுக்குள். குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த வருடக் கடைசியில் வந்த 'ரவுடி பேபி' யூடியூபில் 100 கோடி வியூஸைத் தாண்டியது. எண்ணிக்கைப் போட்டியில் 'மகிழ்ச்சி' அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. மேடையில் இருந்த வேகம் பதிவில் முழுசாக வரவில்லை என்ற குறையும் எனக்கு உண்டு. ஆனாலும் 2018-க்கு என் முதலிடம் அதற்குத்தான். சாதியைப் பற்றித் தமிழில் ஒரு பேண்டு இவ்வளவு நேரடியாக, ஆட்டம் போட வைத்துக்கொண்டே, ஒரு முழு ஆல்பம் பாடியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அடுத்த வருடம் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து தந்த 'தெருக்குரல்' ஆல்பத்துக்கும் இதே நியாயம்தான். 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' வெடித்த பிறகே பலர் அதைத் தேடிப் போனார்கள். பட்டியல் போடுபவர்கள் இரண்டு வருடம் லேட்.

பஸ் தாம்பரம் போய்ச் சேருவதற்குள் ஒரு ஆல்பத்தைக் கேட்டு முடித்துவிடலாம். ஷஃபிளை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். எந்தப் பாட்டில் கை தானாக 'நெக்ஸ்ட்' பட்டனுக்குப் போகிறது என்று பாருங்கள். இந்த வருடப் பட்டியலை அதற்கப்புறம் போடலாம்.