வாசல் எண் கேட்கிறோம்: திருப்பூர் வீட்டு இணையச் சந்தாதாரர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் வீட்டு இணைப்பு தரும் இணையச் சேவை நிறுவனங்கள், அவர்களுக்காகத் தெருத்தெருவாகக் கம்பி இழுக்கும் கேபிள் ஆபரேட்டர்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், மத்தியத் தொலைத்தொடர்புத் துறை.

கோரிக்கைச் சாசனம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. இன்றைக்கும் சம்பள ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் பனியன் சங்கங்கள் சாசனம் எழுதி முதலாளிகள் சங்கத்தின் மேசையில் வைக்கின்றன. அவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் எங்கள் குறை சின்னதுதான், ஒப்புக்கொள்கிறோம். வீடியோ கேம் கன்சோல் வீட்டு ரவுட்டரோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. ஆனால் மாதம் பிறந்ததும் பில் கேட்டு வரும் குறுஞ்செய்தி சின்னக் குறை, பெரிய குறை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கப் போவதில்லை.

வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவருக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. அனுப்பர்பாளையத்துக்காரர் ஒருவர் அன்று மத்தியானம் வீரபாண்டி நண்பரோடு கால்பந்து ஆட உட்காருகிறார். யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது. வேகச் சோதனை 100 எம்பிபிஎஸ் என்கிறது. ஆனால் பிளேஸ்டேஷன் திரையில் ‘நேட் வகை 3’ என்று நிற்கிறது. நண்பர் திறந்த அறைக்குள் நுழைய முடியவில்லை, குரலும் வரவில்லை. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவருக்கு இதே வியாதி ‘ஸ்ட்ரிக்ட்’ என்று காட்டும். நிண்டெண்டோ ஸ்விட்சில் ‘டி’ என்ற எழுத்தாக வரும். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் மூன்றுக்கும் ஒரே மருந்து: “ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.”

இதற்கிடையே வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்று. இது ரம்மி அல்ல. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது. பையன் கன்சோலில் கால்பந்து ஆடுவதற்கும் சீட்டாட்டத்தில் சம்பளத்தை விடுவதற்கும் சட்டத்துக்கே வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

வியாதிக்கு வருவோம். படம் பார்க்கும்போது கேட்பது நம் வீடு. கேட்ட இடத்துக்குப் பதில் வந்து சேர்கிறது. விளையாட்டில், அதுவும் நண்பரோடு பேசிக்கொண்டே ஆடும்போது, பல நேரம் ஒரு கன்சோல் இன்னொரு கன்சோலை நேராகக் கூப்பிடுகிறது. வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டக் கதவுக்கு ஓர் எண் வேண்டும். இணையத்தில் அந்த எண்தான் முகவரி. பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அந்த ஏப்ரலிலேயே ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் ரேஷன் முறை வந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. சிஜி-நேட் என்பது அதுதான். நம் ஊர் காம்பவுண்டில் பத்து லைன் வீட்டுக்கும் ஒரே கதவு எண் இருந்தால் கூரியர்காரர் என்ன செய்வார்? வீட்டிலிருந்து போகும் தபால் போய்விடும். வருவதுதான் கேட்டில் நின்று திரும்பிப் போகும்.

இது கேம் ஆடுகிறவர்களின் தலைவலி மட்டுமல்ல. வீட்டு மாடியில் நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர், காதர்பேட்டை குடோனில் இருந்துகொண்டு மாடியில் இருக்கும் டேலி கணினிக்குள் நேராக நுழையப் பார்த்தாலும் இதே சுவரில்தான் முட்டுகிறார்.

முதல் கோரிக்கை: சொல்லிவிட்டு விற்க வேண்டும். பிளான் அட்டையில் வேகம் இருக்கிறது, ஓடிடி இலவசங்கள் இருக்கின்றன. தரப்போவது பொது முகவரியா பகிர்வு முகவரியா என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அந்த வரியைத் தமிழில், விலைக்குப் பக்கத்திலேயே அச்சடிக்க வேண்டும்.

இரண்டாவது: கேட்கிற வீட்டுக்குப் பொது முகவரி தர வேண்டும். இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது. கேட்டால் “ஸ்டேடிக் ஐபி வாங்குங்க, அது பிசினஸ் பிளான்” என்கிறார்கள். கன்சோலுக்கு நிலையான முகவரி தேவையே இல்லை. தினம் மாறினாலும் சரி, பொது முகவரியாக இருந்தால் போதும். கம்பெனிக்கு விற்கும் சரக்கை வீட்டுக்காரர் தலையில் கட்டுவதை ஏற்க மாட்டோம். பங்கு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் இலக்கணம் இருக்கிறது. இந்தப் பகிர்வு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இணையப் பொறியியல் பணிக்குழு 2013-இலேயே ஆர்எஃப்சி 6888 என்ற ஆவணத்தில் எழுதி வைத்துவிட்டது. அதன்படி அமைத்த இடங்களில் பகிர்வு முகவரிக்குப் பின்னால் இருந்தும் நேட் வகை 2 கிடைக்கிறது, ஆட்டம் நடக்கிறது. எங்கள் தெருவுக்கு வரும் இணைப்பு அந்த இலக்கணப்படி அமைந்ததா என்று ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் பதில் தர வேண்டும்.

மூன்றாவது, உண்மையான தீர்வு: ஆறாம் பதிப்பு முகவரி, அதாவது ஐபிவி6. அதில் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் சொந்த எண் உண்டு. பங்கு போடவே தேவையில்லை. இதை நாங்கள் புதிதாகக் கேட்கவில்லை. 2014 ஜூன் 30-க்குப் பின் தரும் புதிய வீட்டுக் கம்பி இணைப்புகள் எல்லாம் ஐபிவி6-க்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறையின் 2013 வழித்திட்டம் சொன்னது. பிறகு கெடுவைத் தள்ளி 2022 டிசம்பர் 31 என்றது. இரண்டு கெடுவும் முடிந்துவிட்டன. கைபேசிச் சிம்மில் சர்வ சாதாரணமாக ஐபிவி6 கிடைக்கும் நாட்டில், வீட்டுக்கு வரும் கண்ணாடி இழையில் அது ஏன் இல்லை என்பதைத் துறை விசாரித்துச் சொல்ல வேண்டும். கன்சோல் கம்பெனிகளும் தப்ப முடியாது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013-இலேயே ஐபிவி6 பேசியது. 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு அது தெரியாது. இணைய நிறுவனம் திருந்தினாலும் அந்தப் பெட்டி வைத்திருப்பவர் இரண்டாவது கோரிக்கையைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

நான்காவது: ரவுட்டரின் சாவி வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும். இணைப்புக் கொடுக்கும்போது சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதுவே மோடம், அதுவே ரவுட்டர். அதன் வைஃபை பின் அறைக்கு எட்டவில்லை என்று கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதோடு சொருகுகிறோம். இப்போது இரண்டு ரவுட்டரும் தனித்தனியாக முகவரி மாற்றுகின்றன. கன்சோலுக்கு இரட்டைச் சுவர். மேலே நிறுவனம் எழுப்பியது மூன்றாவது. மருந்து எளிது. வெள்ளைப் பெட்டியை ‘பிரிட்ஜ்’ முறையில் போட்டு ரவுட்டர் வேலையைக் கடையில் வாங்கியதிடம் விட வேண்டும். இல்லாவிட்டால் கடையில் வாங்கியதை வெறும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ ஆக்க வேண்டும். இரண்டாவதை நாங்களே செய்துகொள்வோம். முதலாவதற்கு நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும், அது லைன்மேன் போனில் மட்டும் இருக்கிறது. லைன்மேனோ பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார். கடவுச்சொல்லை இணைப்புப் படிவத்தோடு கையில் தர வேண்டும். யூபிஎன்பி என்ற வசதியைப் பூட்டி வைக்கக்கூடாது. விளையாட்டுக்குத் தேவையான வழியை அதன்மூலம் கன்சோலே ரவுட்டரிடம் கேட்டுத் திறந்துகொள்ளும். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தால், 3074-ஆம் வழியைக் கையால் ஒன்றுக்குத்தான் திறந்துவிட முடியும். இன்னொன்றைச் சமாளிப்பது யூபிஎன்பிதான்.

ஐந்தாவது: தாமதக் கணக்கை வெளியிட வேண்டும். ட்ராயின் புதிய சேவைத்தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. கம்பிவழி அகன்ற அலைவரிசையில் தாமதம் 50 மில்லிநொடியைத் தாண்டக்கூடாது என்கின்றன. எங்கள் ஆட்டங்களில் பலவற்றுக்குச் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இலிருந்தே கடலடிக் கம்பி உண்டு. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 32 மில்லிநொடி. திருப்பூர்–சென்னை தூரத்துக்கு இன்னும் சில. அப்படியிருக்க 120, 150 என்று காட்டினால் பாக்கெட் வேறெங்கோ ஊர் சுற்றிவிட்டு வருகிறது என்று பொருள். எந்த வழியாகப் போகிறது, ஏன் போகிறது என்று சொல்லுங்கள்.

ஆறாவது: தாழத் தொங்கும் கம்பியைத் தூக்கிக் கட்டுங்கள். துணி மூட்டையை வானம் வரை அடுக்கிக்கொண்டு வரும் டெம்போ எங்கள் தெருக்களில் அன்றாடம் வரும். அதன் உயரம் உங்களுக்குத் தெரியாததல்ல.

ஏழாவது: புகார் எண்ணைச் சந்தாதாரர் சம்மதம் இல்லாமல் மூடக்கூடாது. ட்ராயின் 2012 புகார் தீர்வு விதிகளே புகாருக்கு எண் தர வேண்டும், தீராவிட்டால் மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும் என்கின்றன. “ரவுட்டர் மறுதொடக்கம் செய்யப்பட்டது, புகார் தீர்க்கப்பட்டது” என்று வரும் குறுஞ்செய்தியைத் தீர்வாக ஏற்க மாட்டோம்.

எங்கள் பக்கத்துக்கும் கடமை உண்டு. புகார் கொடுக்கும் முன் கன்சோலை லேன் கம்பியில் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். கம்பியில் சரியாகி வைஃபையில் திணறினால் குற்றம் சுவரின் மீது, நிறுவனத்தின் மீது சொல்ல மாட்டோம். 2013-இன் முதல் பிளேஸ்டேஷன் 4 வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் பிடிக்கும். ‘5ஜி’ என்று முடியும் வைஃபை பெயர் அதில் தெரியவே தெரியாது. அதற்காகக் கேபிள்காரரை அழைத்துச் சண்டை போடமாட்டோம். பத்து வீட்டு ரவுட்டரும் ஒரே சேனலில் கத்தும் காம்பவுண்டில் 1, 6, 11 என்று பேசிப் பிரித்துக்கொள்வோம். கரண்ட் போகும் நேரத்துக்கு ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் எங்கள் செலவில் வைத்துக்கொள்வோம்.

சாசனத்தில் சேர விரும்புகிறவர்கள் கையெழுத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து ‘வேன் ஐபி’ என்ற இடத்தைப் பாருங்கள். முதல் எண் 100 ஆகவும் இரண்டாம் எண் 64-க்கும் 127-க்கும் இடையிலும் இருந்தால் நீங்கள் பங்குக் கதவு எண்ணில் குடியிருக்கிறீர்கள். 192.168 என்று தொடங்கினால் வீட்டுக்குள்ளேயே இரண்டு ரவுட்டர் இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். முகவரியின் முதல் இரண்டு எண்களை மட்டும், தெருப் பெயரோடு, கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மீதி இரண்டு எண்களை யாரிடமும் சொல்லாதீர்கள், எங்களிடமும்.