கோலிக்குண்டு ஓடும் பாதை: கடையில் வாங்குவதா, வீட்டில் செய்வதா?



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் காரைக்கால் வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது: பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிவிட்டு வேறு எதைக் கொடுப்பது? சபராளிகளாக வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் இருக்கும் தந்தையர் இதற்கு விடையாகப் பெரிய பெட்டிகளை வாங்கி அனுப்புகின்றனர். அவற்றுள் அண்மைக் காலமாக அடிக்கடி காணப்படுவது 'மார்பிள் ரன்' எனப்படும் கோலிப் பாதை. துண்டு துண்டான குழாய்களையும் சரிவுகளையும் இணைத்து, மேலிருந்து விடும் குண்டு வளைந்து நெளிந்து கீழே வந்து சேருமாறு அமைக்கும் விளையாட்டு அது.

நல்ல விளையாட்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் நாம் பொருளின் விலையைப் பார்க்கும் அளவுக்குப் பிள்ளையின் வயதைப் பார்ப்பதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் முதல் கோலிப் பாதை வீட்டிலேயே, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்ததாக இருக்க வேண்டும். வாங்குவது அதன் பின்னரே. மூன்று வயது நிறையாத குழந்தைக்கோ கோலிக்குண்டை எந்த வடிவிலும் கொடுக்கலாகாது.

விளையாட்டைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா, இவ்வுலக வாழ்வே வீணும் விளையாட்டும் என்று குர்ஆன் எச்சரிக்கவில்லையா எனச் சில பெரியவர்கள் கேட்பதுண்டு. அந்த எச்சரிக்கை, செல்வத்தையும் பெருமையையும் துரத்தி மறுமையை மறக்கும் நமக்கு உரியது. ஐந்து வயதுப் பிள்ளையின் மீது அதைச் சுமத்துவது முறையன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகளை வைத்து விளையாடியதையும், தம்மைக் கண்டு ஒளிந்துகொண்ட தோழியரை நபி (ஸல்) அவர்கள் மீண்டும் ஆயிஷாவிடமே விளையாட அனுப்பியதையும் புகாரியில் காண்கிறோம். வளர்த்த சிட்டுக்குருவியை இழந்து வாடிய அபூஉமைர் எனும் சிறுவரிடம் அந்தக் குருவியைப் பற்றியே கேட்டு அவரை மகிழ்வித்தவர்கள் நம் நபியவர்கள். 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், ஓதி முடித்து வரும் பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்துப் படிப்பிலேயே நெருக்கினால் அதன் உள்ளம் செத்துவிடும் என்றும் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே கேள்வி விளையாடலாமா என்பதன்று. எதை, எப்படி விளையாடுவது என்பதே.

கோலிப் பாதை மேலைநாட்டுச் சரக்கு என்றும் கருத வேண்டியதில்லை. உருளும் குண்டின் எடையைக் கொண்டு வேலை வாங்கும் கலையில் நம் முன்னோர் தேர்ந்திருந்தனர். கலீஃபா ஹாரூன் ரஷீத் பிராங்கியப் பேரரசர் சார்லமேனுக்கு அனுப்பிய நீர்க்கடிகாரம் 807ஆம் ஆண்டில் அங்குச் சேர்ந்தது. மணிக்கொரு முறை அதில் வெண்கலக் குண்டுகள் விழுந்து ஒலியெழுப்பின. 1184ஆம் ஆண்டில் திமிஷ்கு நகரின் பெரிய பள்ளிவாசலைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அதன் வாயிலிலிருந்த கடிகாரத்தை விவரித்திருக்கிறார். நேரம் வரும்போது இரண்டு பித்தளை வல்லூறுகள் தம் அலகிலிருந்து குண்டுகளைக் கீழிருக்கும் கிண்ணங்களில் போடும். குண்டுகள் கிண்ணத்தின் துளை வழியே சுவருக்குள் திரும்பிச் சென்றுவிடும். 1206ஆம் ஆண்டில் தம் நூலை முடித்த அல்ஜஸரீயின் யானைக் கடிகாரத்திலோ, அரைமணிக்கொரு முறை விழும் குண்டு ஒரு பாம்பின் வாயில் அமர்ந்து, தன் எடையால் அதைக் கீழே சாய்க்கும். இந்தச் செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே கோலிப் பாதையை அமைத்துப் பாருங்கள். வரலாற்றுப் பாடம் தனியாக வேண்டியதில்லை.

சரிவின் கணக்கு நம் மண்ணுக்கும் புதிதன்று. நாம் காவிரியின் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணையைத் தாண்டி, எந்த மோட்டாரின் உதவியுமின்றி, நிலத்தின் மெல்லிய சரிவை மட்டுமே நம்பி அரசலாற்றுக்கும் திருமலைராஜனாற்றுக்கும் வந்து சேர்கிறது. மதகு, மடை, வாய்க்கால் ஆகிய சொற்களைக் கோலிப் பாதைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குண்டைத் தடுக்கும் அட்டை மதகு; அது ஓடும் பள்ளம் வாய்க்கால்; விழும் கிண்ணம் குளம். தாய்மொழியில் பெயர் சொல்லி விளையாடும் பிள்ளைக்கு அந்தப் பொருள் சொந்தமாகிவிடுகிறது.

இனி, செய்வது எப்படி? செலவு மிகக் குறைவு. வாழைத்தண்டின் மேலுள்ள பட்டையை உரித்தால் அதுவே வளைந்த வாய்க்கால். பிளந்த மூங்கில், துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய், நீளவாக்கில் அறுத்த பிவிசி குழாய் ஆகியவையும் ஏற்றவை. அறுக்கும் வேலை பெரியவர்களுடையது. மூங்கிலின் சிலாம்பையும் குழாயின் விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பின்மேல் ஒட்டுநாடா சுற்றிவிட வேண்டும். இரண்டு நாற்காலிகளுக்கு இடையே இவற்றைக் கட்டினால் பாதை தயார். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் இறக்கம் போதும். இறக்கம் கூடினால் வளைவில் குண்டு வெளியே தெறிக்கும். குறைந்தால் பாதி வழியில் நின்றுவிடும்.

அந்தத் தெறிப்பிலும் நிற்பதிலும்தான் பாடம் இருக்கிறது. எங்கே பிழை என்று பிள்ளை தானே பார்க்கிறது, ஒரு முனையை உயர்த்துகிறது, மீண்டும் விடுகிறது. பொறுமையைப் பற்றி நாம் பத்து முறை சொல்வதைவிட இது ஆழமாகப் பதியும். முயன்று செய்துவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதே தவக்குல். ஒட்டகத்தை முதலில் கட்டச் சொன்ன நபிமொழியின் பொருளை, பாதையின் மூட்டை இறுகக் கட்டாமல் குண்டை விட்டுப் பார்த்த பிள்ளை எளிதில் புரிந்துகொள்ளும்.

சிறு சோதனைகளும் செய்யலாம். சாய்ந்த பலகையில் கண்ணாடிக் குண்டையும் அதே அளவு இரும்புக் குண்டையும் ஒன்றாக விடுங்கள். எடை வேறானாலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து சேரும். உள்ளீடற்ற மேசைப்பந்தை விட்டால் அது பின்தங்கும். இறங்கிய குண்டு மறுபக்க மேட்டில் ஏறினாலும் தான் புறப்பட்ட உயரத்தை ஒருபோதும் தாண்டாது. அல்லாஹ் படைப்பில் வைத்த ஒழுங்கைப் பிள்ளை கண்ணால் காணும் இடம் இது. இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு வேண்டாம். தங்கைக்குச் சொப்பு, அண்ணனுக்குக் கோலிப் பாதை என்று பிரிக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்களின் சமுதாயத்தில், பெண்பிள்ளையின் அறிவுக்கு அணை போடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதற்கு வருகிறேன். சாதாரணக் கோலிக்குண்டின் குறுக்களவு சுமார் 16 மில்லிமீட்டர். சிறு குழந்தையின் மூச்சுக்குழல் வாயை முழுதும் அடைத்துவிட இது போதும். உருண்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் பிடித்து எடுக்கவும் வராது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொருள்களில் 44.4 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான குறுக்களவுள்ள பந்துகளை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. மேசைப்பந்தின் அளவு 40 மில்லிமீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால், அதுவுங்கூட அவ்வயதினருக்கு ஆகாது என்பது விளங்கும். அந்த வயதுக்கு டென்னிஸ் பந்தையும், அது தாராளமாக உருளும் 110 மில்லிமீட்டர் குழாயின் புதிய துண்டையும் கொடுங்கள். வியப்பு அதே வியப்புதான், ஆபத்து இல்லை.

நம் வீடுகளோ கூட்டு வீடுகள். ஏழு வயது அண்ணன் விளையாடும் தரையில்தான் ஒரு வயதுத் தம்பி தவழ்கிறான். ஆகவே 'எண்ணி எடுத்து எண்ணி வைப்பது' என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். பத்துக் குண்டுகள் வெளியே வந்தால் மக்ரிப் பாங்குக்கு முன் பத்தும் டப்பாவுக்குள் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடித்த பிறகே எழ வேண்டும். இரவில் தரையில் கிடக்கும் ஒரு குண்டு, தஹஜ்ஜுதுக்கு எழும் பாட்டியின் இடுப்பெலும்பை முறித்துவிடும். எல்லா முயற்சிக்கும் பின்னர் ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை உள்ளே விடாதீர்கள். அது பொருளை மேலும் உள்ளே தள்ளும். குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள். இரும முடியாமல் திணறினால், தலை தாழ இருக்குமாறு தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். இன்னொருவர் உடனே 108ஐ அழைக்க வேண்டும். தட்டிய பின்னும் அடைப்பு நீங்காவிட்டால் என்ன செய்வது என்பதை நேரில் பார்த்துப் பழகியாக வேண்டும். ஜமாஅத்துகள் ஒரு மருத்துவரை அழைத்து ஒரு மணிநேரம் இதைத் தாய்மார்களுக்குக் கற்பித்தால் பெரும் நன்மையாகும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் சிலவற்றைப் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை நம் நாட்டில் 2021 சனவரி 1 முதல் கட்டாயம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயதைப் பிள்ளையின் சமர்த்தைக் காட்டி மீறாதீர்கள். அது அறிவின் அளவன்று, தொண்டையின் அளவு. காந்தத் துண்டுகள் உள்ளவற்றைச் சிறுபிள்ளை உள்ள வீட்டில் தவிர்த்துவிடுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். மின்னும் குண்டுகளிலுள்ள பொத்தான் மின்கலமும், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகளும் அவ்வாறே கொடியவை. பிறகு, ஒரே வடிவத்தை மட்டும் கட்டக்கூடிய பெரிய பெட்டியைவிட, பல வடிவங்களாக மாற்றக்கூடிய சிறிய பெட்டி மேலானது. ஒரு வாரத்தில் பரண் ஏறும் விலையுயர்ந்த பெட்டி வீண்விரயம். வீண்விரயத்தை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வென்றவர் தோற்றவரின் குண்டுகளைக் கொண்டுபோவது தெருக்கோலியில் வழக்கம். அதில் சூதின் சாயல் இருப்பதால் பெரியவர்கள் அதைக் கண்டித்து வந்தனர். கோலிப் பாதையில் அதற்கு இடமில்லை. ஆனால் எந்தக் குண்டு முதலில் வரும் என்று பணயம் வைக்கும் பேச்சு எழுந்தால் அப்போதே அன்பாக நிறுத்திவிடுங்கள்.

இறுதியாக, சபராளித் தந்தையரிடம் ஒரு வார்த்தை. உங்கள் உழைப்பின் அருமையை இவ்வூர் அறியும். பிள்ளைக்காக நீங்கள் அனுப்பும் பெட்டியின் உள்ளே இருப்பது உங்கள் அன்பு என்பதையும் அறிவோம். ஆயினும் பிள்ளை பெட்டியைவிட உங்களையே அதிகம் எதிர்பார்க்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை காணொலியில் அழைக்கும்போது, "சாப்பிட்டாயா, ஓதினாயா" என்பதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் கட்டிய பாதையைக் காட்டச் சொல்லுங்கள். குண்டு எங்கே நின்றது என்று கேளுங்கள். எந்த முனையை உயர்த்தலாம் என்று அங்கிருந்தே யோசனை சொல்லுங்கள். விடுமுறையில் வரும்போது வாழைப்பட்டையை உரித்துக்கொண்டு அதனுடன் தரையில் அமருங்கள். பிள்ளைகள் அமானத்தாக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள். அவர்களுக்காக நாம் செலவிட்ட பணத்தைப் பற்றி மட்டுமன்று, கொடுக்காமல் விட்ட நேரத்தைப் பற்றியும் நாளை நாம் கேட்கப்படுவோம்.

நம் பிள்ளைகளை ஆபத்துகளிலிருந்து காத்து, பயனுள்ள அறிவையும் நற்குணத்தையும் அவர்களுக்கு வழங்கி, நம் கண்களுக்குக் குளிர்ச்சியாக அவர்களை ஆக்கியருள வல்ல அல்லாஹ் துணைபுரிவானாக. ஆமீன்.